மீன்தொட்டிச் செடிக்குச் சிலிண்டர் காபனீரொட்சைட்டு: கிளிநொச்சிப் பக்கம் யாராவது பூட்டியிருக்கிறீர்களா?

கரைச்சிப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது இரண்டரை அடித் தொட்டி, ஏறத்தாழ 100 லீற்றர். கபொம்பாவும் சிவப்பு ரொட்டாலாவும் நட்டு நாலு மாதம். நட்ட அன்று இருந்த வடிவு பிறகு ஒருநாளும் இல்லை. கபொம்பா அடியில் இருந்து கழன்று போகிறது, ரொட்டாலா சுருண்டு நிற்கிறது. குளத்தில் இருந்து கொண்டுவந்து போட்ட ஐதரில்லா மட்டும் காடாக வளருது. ஆனால் அதன் இலையில் வெள்ளையாக ஏதோ படிகிறது, விரலால் உரசினால் சுண்ணாம்பு மாதிரி.

இன்னொரு விஷயம். கிணற்றுத் தண்ணி மாற்றுகிற அன்று மட்டும் எல்லாச் செடியும் குமிழ் விடும். அடுத்த நாள் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஏன் என்று விளங்கவில்லை.

சிலிண்டர் வைத்தால் எல்லாம் சரிவரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். மாமாவின் கடையில் ஒரு பழைய தீயணைப்புச் சிலிண்டர் சும்மா கிடக்கிறது. அதைப் பாவிக்கலாமா? சாமான் எல்லாம் கொழும்பில் இருந்துதான் எடுப்பிக்க வேணும், அதனால் முதலே கேட்டுவிடுவோம் என்று எழுதுகிறேன்.

ஏ9 பயணி

தம்பி, காசை வீணாக்காதே. கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணியில் கேஎச், அதாவது காபனேற்றுக் கடினம், 10க்கு மேல்தான் வரும். அந்தத் தண்ணிக்கு எவ்வளவு வாயு அடித்தாலும் ஏறாது. பிஎச் இறங்கவே இறங்காது. உப்பு நீக்கின ஆர்.ஓ. தண்ணிக்கு மாறிவிட்டுப் பிறகு சிலிண்டரைப் பற்றி யோசி.

நெடுங்கேணி வாத்தி

பயணி சொல்வதில் பாதிதான் சரி. மற்றப் பாதிதான் ஆட்களைக் குழப்புகிறது.

கேஎச் கூடின தண்ணியில் பிஎச் மேலே நிற்கும் என்பது உண்மை. ஆனால் வாயு கரைவதை அது தடுக்காது. கேஎச் 4 உள்ள தொட்டிக்கும் 14 உள்ள தொட்டிக்கும் லீற்றருக்கு 30 மில்லிகிராம் கொண்டுவர ஏறத்தாழ அதே அளவு வாயுதான் போகும். ஒன்றில் பிஎச் 6.6இல் நிற்கும், மற்றதில் 7.15இல் நிற்கும், அவ்வளவுதான். செடிக்குத் தேவை வாயு. பிஎச் இலக்கம் எங்களுக்கு ஓர் அளவுகோல் மட்டும்.

தம்பி, உமது கேள்வியிலேயே விடை கிடக்கிறது. தண்ணி மாற்றுகிற அன்று குமிழ் வருகிறது என்றீர். ஒரு சின்ன வேலை செய்யும். கிணற்றில் அள்ளின உடனே பிஎச் பாரும். அதே தண்ணியை அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்து, இரண்டு மூன்று தரம் கலக்கிவிட்டுத் திரும்பப் பாரும். கேஎச்சும் அளந்து மூன்று இலக்கத்தையும் இங்கே போடும். பிறகு கதைப்போம்.

முல்லை அக்கா

எனக்கொரு கேள்வி. இவ்வளவு பாடு எதற்கு? என் தொட்டியில் ஆறு வருடமாக கிரிப்டோகோரைன் வெண்டியை என்ற செடிதான். சிலிண்டரும் இல்லை, ரைமரும் இல்லை. உலகம் முழுக்க மீன்கடையில் விற்கிற அந்தச் செடி எங்கள் நாட்டுக்கே உரியது, ஓடைகளில் முளைப்பது. நட்ட முதல் மாதம் இலை எல்லாம் உருகி விழும், அதைப் பார்த்துப் பயந்து பிடுங்கி எறியாமல் இருந்தால் போதும். இந்தப் பக்கத்துக் குளத்துக் கொட்டிக்கிழங்கும் நன்றாக வரும். அலை அலையான இலை, பூவும் தண்ணிக்கு மேலே வந்து பூக்கும்.

ஒருக்கால் நானும் சீனி, ஈஸ்ட் போட்டுப் போத்தல் கட்டிப் பார்த்தேன். முதல் மூன்று நாள் பொங்கித் தள்ளியது, பத்தாம் நாள் செத்துப்போச்சு. வீடு முழுக்கக் கள்ளு வாசம். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

நெடுங்கேணி வாத்தி

அக்கா, கள்ளு முட்டி நுரைப்பதும் உங்கள் போத்தல் நுரைத்ததும் ஒரே வாயுவால்தான். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. உங்கள் போத்தலில் சுண்ணாம்பு இல்லை, அம்மா சந்தேகப்பட்டதில் பிழை இல்லை.

ஆனால் தம்பிக்கு ரொட்டாலாதான் வேணும் என்றால் கிரிப்டோவைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது.

கரைச்சிப் பெடியன்

அளந்துவிட்டேன் சேர். கிணற்றில் அள்ளின உடனே பிஎச் 7.0. ஒருநாள் வாளியில் வைத்த பிறகு 8.1. கேஎச் 14. சொட்டு மருந்து விட்டு இரண்டு தரம் பார்த்தேன், இரண்டு தரமும் 14தான்.

நெடுங்கேணி வாத்தி

நல்ல பெடியன். இனிக் கணக்கு. கேஎச்சை மூன்றால் பெருக்கி, அதைப் பத்தின் அடுக்கு ஏழு கழித்தல் பிஎச்சால் பெருக்கினால் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் காபனீரொட்சைட்டு என்று வரும். உமது கிணற்றுக்கு 14 தர 3, அதாவது 42. பிஎச் 7.0 என்பதால் அடுக்கு பூச்சியம், விடை 42தான். வாளியில் ஆறின தண்ணிக்கு 3 சொச்சம்.

விளங்குதா? உமது கிணறே ஒரு சோடாப் போத்தல். மண்ணுக்குள் வேரும் கிருமியும் விடுகிற வாயுவில் ஊறிக்கொண்டுதான் நிலத்தடி நீர் மேலே வருகிறது. தொட்டிக்குள் ஊற்றினதும் சில மணித்தியாலத்துக்குச் செடிக்கு விருந்து. பிறகு வாயு பறந்துவிடும், அடுத்த நாள் பழைய பஞ்சம். பாழ்கிணற்றுக்குள் இறங்க முன்பு விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அடியில் தேங்கி ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் இதே வாயுதான். அதை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

ஐதரில்லாவின் வெள்ளைக்கும் இதுதான் காரணம். கரைந்த வாயு கிடைக்காதபோது ஐதரில்லாவும் வலிஸ்னேரியாவும் தண்ணியில் உள்ள இருகாபனேற்றை உடைத்துக் காபனை எடுத்துவிடும். அப்போது கல்சியம் காபனேற்று இலையில் படியும், அதுதான் உமது சுண்ணாம்பு. கபொம்பாவுக்கு அந்த வித்தை தெரியாது. கரைந்த வாயு இல்லாவிட்டால் பட்டினி.

ஆகையால் உமக்கு வாயு உதவும். கணக்குப்படி பிஎச் 8.1இல் இருந்து 7.15க்கு இறங்கினால் ஏறத்தாழ 30 மில்லிகிராம். பிஎச்சை அதற்குக் கீழே இறக்க வேண்டாம். கேஎச் குறைக்க விருப்பம் என்றால் மாரியில் கூரைத் தண்ணி பிடித்துப் பாதிக்குப் பாதி கலவும், 7க்கு வந்துவிடும். வவுனியாப் பக்கம் பல ஊர்களில் குடிக்கவே ஆர்.ஓ. தண்ணி எடுக்கிறார்கள், அதையும் கலக்கலாம். ஆனால் கட்டாயம் இல்லை.

ஏ9 பயணி

சரி வாத்தி, ஏறாது என்றது பிழைதான். ஆனால் பிஎச் 8 தண்ணியில் சாதாரண இரும்பு உரம் நிற்காது என்பதையும் சொல்லுங்கள்.

நெடுங்கேணி வாத்தி

அது சரி. ஈடிடிஏ இரும்பு கெதியாக உடைந்துவிடும். டிடிபிஏ இரும்பு வாங்கினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, இது வயல்காரர் ஊர் என்பதால் சொல்கிறேன்: வாயு கொடுத்தால் உரமும் கூடத் தேவை என்று கேள்விப்பட்டு யாரும் யூரியாவைத் தொட்டிக்குள் கொட்ட வேண்டாம். அது அமோனியாவாக மாறும். பிஎச் கூடின தண்ணியில் அமோனியாவின் நஞ்சும் கூட.

வெல்டிங்கடை

நான் மீன் வளர்க்கிற ஆள் இல்லை. தங்கச்சியின் மகன் இந்த இழையைக் காட்டினான். சிலிண்டர் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தம்பி, மாமா கடைச் சிலிண்டரின் தலையில் சின்ன வட்ட மீற்றர் இருக்கிறதா? பச்சை, சிவப்பு என்று நிறம் போட்டது?

கரைச்சிப் பெடியன்

ஓம் அண்ணை, இருக்கு. முள்ளு பச்சையில்தான் நிற்குது.

வெல்டிங்கடை

அப்படியென்றால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் மாப்பொடி. காபனீரொட்சைட்டுச் சிலிண்டருக்கு அந்த மீற்றர் இருக்காது, வாயில் கறுப்பாக அகன்ற கொம்பு ஒன்று இருக்கும். உம்முடையதைத் தொட்டிக்குப் பூட்டினால் மீனுக்குப் பவுடர் பூசினது போலத்தான். மாமா கடையில் தீப்பிடித்தால் உதவும், அங்கேயே இருக்கட்டும்.

கொம்பு வைத்தது கிடைத்தாலும் சும்மா பூட்ட ஏலாது. உள்ளே அடி வரைக்கும் ஒரு குழாய் இறங்கும். நெருப்புக்குத் திரவமாகவே பாய வேணும் என்று அப்படிச் செய்வார்கள். அமுக்கத்தைக் குறைக்கிற றெகுலேற்றருக்குள் திரவம் போனால் றெகுலேற்றர் பழுது. வால்வைக் கழற்றித்தான் அந்தக் குழாயை எடுக்க வேணும், வாயு முழுக்கப் போக முன்பு வால்வில் கை வைத்தால் ஆளுக்கே ஆபத்து. வீட்டில் செய்கிற வேலை இல்லை.

வெல்டிங்குக்குப் பாவிக்கிற வெறும் காபனீரொட்சைட்டு உங்களுக்குச் சரிவரும். ஆர்கன் கலந்த சிலிண்டரும் இருக்கிறது, அது வேண்டாம். வாங்க முன்பு கழுத்தில் அடித்திருக்கிற இலக்கங்களைப் பாரும். வெறும் சிலிண்டரின் நிறை எவ்வளவு, கடைசியாக அமுக்கச் சோதனை செய்த திகதி என்ன என்று இருக்கும். சோதனைத் திகதி தேய்ந்துபோன சாமானை மலிவுக்குத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

மரையும் முக்கியம். ஜேர்மன் முறை, அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறை என்று மூன்றும் சந்தையில் ஓடுகிறது. பார்வைக்கு ஒன்று மாதிரித்தான் இருக்கும். இறுக்கினால் இரண்டு சுற்றில் சிக்கும், பலம் போட்டால் மரை போய்விடும். கொழும்பில் றெகுலேற்றர் எடுப்பிக்கிற ஆள் முதலில் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு படம் அனுப்பிக் கேட்க வேணும். அந்த இடத்துக்கு வெள்ளை நாடா சுற்றக் கூடாது, வாசர்தான் அடைக்கும்.

முல்லை அக்கா

வெல்டிங் அண்ணை, சித்திரை வெயிலுக்கு இது வெடிக்காதா? என் பயமே அதுதான். எங்கள் வீடு தகரக் கூரை.

வெல்டிங்கடை

நியாயமான பயம். 20 பாகையில் சிலிண்டருக்குள் 57 பார் அளவு அமுக்கம் இருக்கும், 30 பாகையில் 70ஐத் தாண்டும். அதற்கு மேலே எவ்வளவு ஏறும் என்பது எவ்வளவு நிரப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் கழுத்தில் போட்ட அளவுக்கு மேலே ஒரு கிராமும் நிரப்பக் கூடாது. ஓவராக நிரப்பி ஓட்டோவில் வெயிலில் ஏற்றிக்கொண்டு போனால் பாதுகாப்புத் தகடு கிழிந்து சத்தத்தோடு முழு வாயுவும் போகும். தகடு கிழிவது நல்லதுக்குத்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் அப்படி நினைக்க மாட்டான். நிமிர்த்தி வையுங்கோ, சுவரோடு கட்டுங்கோ, வெயில் படாத மூலையில்.

நெடுங்கேணி வாத்தி

இதில் ஒன்று சேர்க்கிறேன், எங்கள் ஊர் வெப்பத்துக்கு மட்டும் உரிய வேடிக்கை. குளிர் நாட்டுக்காரர் எழுதுகிறார்கள், மீற்றர் 57 பாரில் அசையாமல் நிற்கும், திரவம் முடிந்த பிறகுதான் விழும் என்று. காபனீரொட்சைட்டுக்கு 31 பாகைக்கு மேலே திரவம், வாயு என்ற பிரிவே கிடையாது. எங்கள் வீட்டில் மத்தியானம் 33, 34. ஆகவே மீற்றர் காலையில் ஒன்று காட்டும், பின்னேரம் இன்னொன்று. அதைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல ஏலாது. மாதம் ஒருக்கால் தூக்குத் தராசில் போட்டு, வெறும் நிறையைக் கழித்துப் பாருங்கோ.

இனி அந்தக் கிணற்றுக் கதை. 2 கிலோ வாயு முழுக்க ஒழுகினால் 1,000 லீற்றருக்கு மேலே வரும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள பூட்டின அறையில் அது காற்றில் நூற்றுக்கு 4 வீதம். சாதாரணக் காற்றில் இருப்பது 0.04தான். நூற்றுக்கு 4 என்றால் உயிருக்கு ஆபத்தான அளவு. படுக்கிற அறையில் யன்னலை அடைத்து ஏசி போட்டுக்கொண்டு தொட்டியும் சிலிண்டரும் வைக்க வேண்டாம். விறாந்தைப் பக்கம் திறந்த கூடம் என்றால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கோ, குமிழ் வந்தால் ஒழுக்கு.

கரைச்சிப் பெடியன்

சேர், றெகுலேற்றர் எது நல்லது? ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம் என்று இருக்கு. விலை இரண்டு மடங்கு வித்தியாசம். அடிக்கடி கரண்ட் போகிற இடம் இது, அதற்கும் ஏதும் பார்க்க வேணுமா?

நெடுங்கேணி வாத்தி

கரண்ட் பற்றிக் கேட்டபடியால் என் வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டுக்கு இன்வேட்டர் பூட்டினேன். தொட்டி லைற்றும், வாயுவைத் திறந்து மூடுகிற சொலினொயிட் வால்வும் இருந்த பிளக் இன்வேட்டர் லைனில் விழுந்தது. பில்டர் மட்டும் பழைய லைன். அப்போது யோசிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது, நான் வெளியில். பில்டர் நின்றது, தண்ணி அசையாமல் கிடந்தது, மேலே காற்றுப் பரிமாற்றம் இல்லை. வாயு மட்டும் ஒழுங்காக, விநாடிக்கு இரண்டு குமிழாகப் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு வந்து பார்த்தேன். டெற்றா மீன் பதினொன்றும் முடிந்தது. கவுராமி இரண்டும் மேலே வாயை வைத்துக் காற்றுக் குடித்தபடி நின்றன, அவை மட்டும் தப்பின. மூத்த மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சொலினொயிட் என்பது கரண்ட் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். அதுதான் அதன் அழகு. அந்த அழகை நானே இன்வேட்டரால் கெடுத்தேன். பில்டரும் சொலினொயிட்டும் ஒரே பிளக் பலகையில் இருக்க வேணும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கட்டும்.

ரைமரிலும் ஒரு பொறி உண்டு. சுற்றிச் சுற்றி ஊசி அமுக்குகிற மலிவு ரைமர் கரண்ட் இல்லாதபோது நின்றுவிடும். மூன்று மணித்தியாலம் கரண்ட் போனால் அதன் நேரம் மூன்று மணித்தியாலம் பின்னால். லைற் ரைமர் இன்வேட்டரில், வாயு ரைமர் வெளியில் என்றால் லைற் அணைந்த பிறகும் இரவில் வாயு போகும். இருட்டில் செடியும் ஒட்சிசனைத்தான் எடுக்கும். உள்ளே பற்றரி வைத்த டிஜிற்றல் ரைமர் வாங்கும்.

றெகுலேற்றர் விஷயம்: ஒற்றைக் கட்டத்தில் சிலிண்டர் முடியப்போகிற நேரம் உள் அமுக்கம் விழ, வெளி அமுக்கம் ஏறும். கடைசி நாளில் குமிழ் தானாகக் கூடி மீனைக் கொல்லலாம். இரட்டைக் கட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. காசு இல்லாவிட்டால் ஒற்றைக் கட்டமே எடும், ஆனால் தராசில் பார்த்துச் சிலிண்டர் முழுக்க முடிய முன்பே மாற்றும். மிச்சம் பிடிக்கப் போய் மீனை இழக்காதேயும்.

ஏ9 பயணி

வாயு அளவை நிறத்தால் காட்டுகிற டிறொப் செக்கர் வாங்கச் சொல்லுங்கள். பிஎச் மீற்றரை விட மலிவு.

நெடுங்கேணி வாத்தி

ஓம், வாங்க வேணும். ஆனால் அதற்குள் தொட்டித் தண்ணியை விடக் கூடாது. பாதிப்பேர் விடுகிற பிழை அது. கேஎச் 4 உள்ள நீர்தான் உள்ளே இருக்க வேணும், அப்போதுதான் பச்சை என்றால் 30 என்று அர்த்தம். நீலம் குறைவு, மஞ்சள் ஆபத்து. அந்த நீரை வீட்டிலேயே செய்யலாம். பற்றரிக்கு விடுகிற தூய தண்ணி ஒரு லீற்றரில் அப்பச்சோடா 1.2 கிராம் கரைத்து, அதில் 100 மில்லிலீற்றர் எடுத்து இன்னும் 900 மில்லிலீற்றர் பற்றரித் தண்ணி சேர்த்தால் கேஎச் 4. நகைக்கடைத் தராசு உள்ளவரிடம் நிறுத்துக்கொள்ளும். பிறகு புரோமோதைமோல் நீலம் இரண்டு மூன்று சொட்டு.

அது நிறம் மாற இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். காலையில் கூட்டிவிட்டு நிறம் மாறவில்லை என்று பத்து மணிக்குத் திரும்பக் கூட்டுகிற ஆட்களின் மீன்தான் பின்னேரம் மிதக்கும். விநாடிக்கு ஒரு குமிழில் தொடங்கும். நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டும், வீட்டில் நிற்கிற நாளில் மட்டும். லைற் வர இரண்டு மணித்தியாலம் முன்பே திறக்கட்டும், லைற் அணைய ஒரு மணித்தியாலம் முன்பே மூடட்டும். மேற்பரப்பு நன்றாகச் சுழிக்க வேணும். வாயு பறந்துவிடும் என்று பயந்து தண்ணியை அசையாமல் வைக்க வேண்டாம். 30 பாகைத் தண்ணியில் ஒட்சிசன் நிறைந்தாலும் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம்தான், மீனுக்கு அதுவே மட்டுமட்டு.

கரைச்சிப் பெடியன்

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

வெல்டிங் அண்ணையின் கடைக்கே போனேன். 2 கிலோ சிலிண்டர், சோதனைத் திகதி புதுசு. றெகுலேற்றர் ஒற்றைக் கட்டம்தான் கட்டுப்படியானது. முதல் நாளே மீன்கடைச் சிலிக்கோன் குழாயைப் போட்டேன், மூன்றாம் கிழமை கல்லுப்போல இறுகி வெடித்துவிட்டது. நுரை தடவினபோது குழாய் முழுக்கக் குமிழ். இப்போது பொலியூறத்தேன் குழாய்.

குமிழ் இரண்டு, பிஎச் மத்தியானம் 7.2. டிறொப் செக்கர் இளம் பச்சை. ரொட்டாலா நுனி சிவக்கத் தொடங்கிவிட்டது. கபொம்பா மேலே வந்து வளைந்து நிற்கிறது, கிழமைக்கு ஒருக்கால் வெட்ட வேண்டியிருக்கு. ஐதரில்லாவில் புது இலையில் வெள்ளை இல்லை. பில்டரும் சொலினொயிட்டும் ஒரே பலகை. கரண்ட் இரண்டு தரம் போனது, மீனுக்கு ஒன்றும் இல்லை.

ஒரே குறை, கண்ணாடியில் பச்சைப் பாசி. லைற் ஒன்பது மணித்தியாலம் விட்டிருந்தேன். இப்போது ஏழு.

முல்லை அக்கா

ஆறாக்கு தம்பி. வெட்டின கபொம்பாவை எறியாமல் எனக்கு அனுப்பு. சிலிண்டர் வைக்கப் போகிறேன் என்று நினைக்காதே, சும்மா பார்க்கத்தான்.

கரைச்சிப் பெடியன்

அனுப்புகிறேன் அக்கா. வெல்டிங் அண்ணை, நேற்றுத் தராசில் போட்டேன். வெறும் நிறையைக் கழித்தால் 900 கிராம்தான் மிச்சம். ஏழு கிழமையில் பாதிக்கு மேலே எப்படிப் போகும்?

வெல்டிங்கடை

மூன்று கிழமை சிலிக்கோன் குழாயால் ஊருக்கு வாயு கொடுத்திருக்கிறீர், வேறென்ன. என்றாலும் வாசரை ஒருக்கால் பார்க்க வேணும். சனிக்கிழமை கடை பூட்டு, வெள்ளி பின்னேரம் வாரும். றெகுலேற்றரையும் கழற்றிக்கொண்டு வாரும், முதலில் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான்.